வெயிலா, காற்றா: வீட்டு வற்றல் எங்கே கெடுகிறது?

2024 மார்ச் 16, கேள்வி

வேளச்சேரியில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் தேவைக்கு மேல் காய்க்கின்றன. கொத்தவரங்காயை உப்புப் போட்டு வேகவைத்து, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினேன். ஒரு மாதத்துக்குள் அடியில் இருந்தவை பூசணம் பூத்துவிட்டன. சென்னை வெயிலுக்குச் சூடு போதவில்லை என்று நினைக்கிறேன். மின்சார டிரையர் வாங்கி, 75 டிகிரியில் வைத்து ஒரே நாளில் முடித்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

2024 மார்ச் 16, இரவு

சென்னையின் மார்ச் வெயிலில் சூட்டுக்குக் குறைவே இல்லை. உலர்ந்த காற்றுக்குத்தான் குறைவு. நான் வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமி, இப்போது இருப்பது சென்னையில் கடலுக்கு அருகே. அதே காய், அதே உப்பு, அதே கைப்பக்குவம் இரண்டு ஊரிலும் இரண்டு விதமாகக் காய்வதைப் பல கோடைகளாகப் பார்த்து வருகிறேன்.

காய்கறியின் ஈரத்தைக் கொண்டுபோவது காற்று. வெயில் செய்வது, காயில் இருக்கும் நீரை ஆவியாகத் தூண்டுவதும், காற்றைச் சூடாக்கி அது கூடுதலான நீராவியைத் தாங்கும்படி செய்வதும் ஆகும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகமாகப் போனால் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் ஏறத்தாழ 51 கிராம் தாங்கும். உள்நாட்டில் இந்த இடத்தில் பெரும்பகுதி காலியாக இருப்பதால் காயிலிருந்து கிளம்பும் ஈரம் உடனே இழுபட்டுப் போகிறது. கடலோரத்தில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் அந்த இடம் பாதிக்கு மேல் நிறைந்துவிடுகிறது. உடம்பு சுடும், வேர்வை காயாது. காய்க்கும் அதே நிலைதான்.

அடுத்தது இரவு. உப்புப் போட்ட வற்றலுக்கு இதுதான் பெரிய எதிரி. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சுத்திகரிக்காத கல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். கடலோரத்து இரவுகளில் ஈரப்பதம் இந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஆகவே மாடியிலோ, திறந்த தட்டில் வீட்டுக்குள்ளோ இரவைக் கழித்த வற்றல், பகலில் விட்ட ஈரத்தில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் மறுநாள் வெயிலுக்கு வருகிறது. மூன்று நாள் என்பது உள்நாட்டில் வழக்கமான கணக்கு. சென்னையில் அதே காய்க்கு ஐந்து நாளும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம்.

மாலை நான்கு மணிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். எடுத்தவுடன் சூடாக மூடினால் உள்ளே வியர்த்துவிடும் என்பதால், நிழலில் சற்று நேரம் பரப்பி ஆறவைத்து, பிறகு இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வையுங்கள். மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு வெளியே எடுங்கள். இதை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு டிரையரைப் பற்றி யோசிக்கலாம்.

2024 மார்ச் 17

ஒன்று விட்டுப்போயிற்று. சிமெண்டுத் தளத்தில் துணி விரித்து அதன்மேல் காயப் போடுகிறவர்கள், மேற்பக்கம் காய்ந்துவிட்டது என்று நம்பி அள்ளிவிடுகிறார்கள். தளம் சுடுகிறது என்பது உண்மை, ஆனால் அடிப்பக்கத்திலிருந்து கிளம்பும் ஆவிக்குப் போக வழியில்லை. அது துணியிலேயே தங்கிவிடுகிறது. எங்கள் ஊரில் கயிற்றுக் கட்டிலின்மேல் பழைய நைந்த வேட்டியை விரித்துக் காயவைப்பார்கள். கீழேயும் காற்றுப் போகும். கயிற்றுக் கட்டில் கிடைக்காதவர்கள் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே மூங்கில் தட்டியையோ, சட்டத்தில் அடித்த நைலான் வலையையோ வைத்துக்கொள்ளலாம். அலுமினியத் தட்டு வேண்டாம். உப்பும் புளித்த மோரும் அதை அரிக்கும், வற்றலிலும் கருப்புப் படியும்.

2024 மார்ச் 20

75 டிகிரியைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீர் காயின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்துதான் ஆவியாக வேண்டும். மேற்பரப்பு விடுகிற வேகத்துக்கு உள்ளிருந்து நீர் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால் காய் சீராகக் காயும். தொடக்கத்திலேயே அதிகச் சூட்டைக் கொடுத்தால் மேற்பரப்பு முந்திக்கொண்டு காய்ந்து, சுருங்கி, ஓடு போல இறுகிவிடும். அதற்குப் பிறகு உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். கையால் தொட்டால் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். ஜாடியில் போட்டு மூடிய பின் அந்த உள்ஈரம் மெல்ல மெல்ல வெளியே வந்து, ஜாடி முழுவதும் பரவி, அடியில் பூசணமாகத் தெரியும். எனவே நீங்கள் நினைக்கிற தீர்வு, இப்போதுள்ள தொல்லையைக் கூட்டவே செய்யும். காய்கறிக்கு 55 முதல் 60 டிகிரி போதும்.

காய்ந்ததா என்று அறிய, கண்ணையும் கையையும்விட நான் நம்புவது தராசை. கொத்தவரங்காயில் ஏறத்தாழ 81 விழுக்காடு நீர். ஒரு கிலோ காயில் நீர் நீங்கிய பொருள் 190 கிராம் இருக்கும். நன்றாகக் காய்ந்த வற்றலில் 8 விழுக்காடு ஈரம் எஞ்சலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ பச்சைக் காய் 206 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்குமேல் காய் உறிஞ்சிக்கொண்ட உப்பின் எடையைக் கூட்டிக்கொள்ளலாம். 300 கிராமில் நின்றுவிட்டால், எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் அது காயவில்லை. பாகற்காயில் நீர் 92 விழுக்காடு என்பதால் ஒரு கிலோ 85 கிராமை ஒட்டி வந்து நிற்கும். தக்காளியில் 94 விழுக்காடு. ஒரு கிலோவுக்குக் கையில் மிஞ்சுவது 65 கிராம்தான். தக்காளி வற்றல் போடுகிறவர்கள் கடையில் அதன் விலையைப் பார்த்துத் திகைக்காமல் இருக்க இந்தக் கணக்கு உதவும்.

அடுத்து, காய்ந்ததை உடனே நிரந்தரமாக மூடி வைக்காதீர்கள். ஜாடியில் முக்கால் பாகத்துக்கும் குறைவாக, தளர்வாகப் போட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தினமும் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவுக்குக் காய்ந்திருக்காது. ஈரம் மிகுந்த துண்டிலிருந்து ஈரம் குறைந்த துண்டுக்கு நீர் நகர்ந்து சமமாகும். இந்த நாட்களில் கண்ணாடியின் உட்புறத்தில் பனித்துளி போல ஏதாவது தெரிந்தால், அல்லது குலுக்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினால், மொத்தத்தையும் மறுபடி வெயிலுக்குக் கொண்டுபோங்கள். வீட்டு வற்றல் பெரும்பாலும் தப்பிப் பிழைப்பதும் கெடுவதும் இந்தப் பத்து நாளில்தான் முடிவாகிறது.

2024 மார்ச் 24

சுண்டைக்காய்க்கு வேறு முறை வேண்டும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பறித்த அன்றே காம்பை நீக்கி, ஒவ்வொரு காயாக எடுத்து, குழவிக் கல்லால் ஒரே ஒரு தட்டுத் தட்ட வேண்டும். காய் நசுங்கக் கூடாது, வாய் திறக்க வேண்டும். தட்டும்போது எழும் சத்தத்திலேயே பதம் தெரிந்துவிடும்: பிஞ்சு மென்மையாக அமுங்கும், முற்றியது டக்கென்று வெடிக்கும். வெடித்ததைத் தண்ணீரில் அலசினால் விதையில் ஒரு பங்கு கழன்று மிதந்து போகும். கசப்பும் கொஞ்சம் போகும். விரல் நுனி கருத்துவிடும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். பிறகு நன்றாகப் புளித்த, கெட்டியான மோரில் உப்பைக் கரைத்து, காய் முழுவதும் மூழ்கும்படி ஓர் இரவு ஊறவிட வேண்டும்.

மறுநாள் காயை மட்டும் வடித்து வெயிலில் பரப்பி, மாலையில் அதே மோருக்குள் திரும்பப் போட வேண்டும். மோர் முழுவதையும் காயே குடித்துவிட்டுப் பாத்திரம் வெறுமையாகும் வரை இப்படியே செய்து, அதற்குப் பிறகு மோரில்லாமல் காயவிட வேண்டும். பகலில் நீரை விட்ட காய், இரவில் நீரோடு உப்பையும் மோரின் புளிப்பையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரே நாளில் மொத்த உப்பையும் போட்டால் மேலே படியுமே தவிர நடுவரை போகாது. மணத்தக்காளிக்கும் மோர் மிளகாய்க்கும் இதே முறைதான். மிளகாயைக் காம்போடு வைத்து நுனியில் கீறினால் போதும்.

மூன்றாம் நாள் மாலையில் சுண்டைக்காயைக் கையில் அள்ளிப் பார்த்தால், மேலே வெண்மையாக மோர் படிந்து, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். இந்தக் கட்டத்தில் சிலர் காய்ந்துவிட்டதாக எண்ணி அள்ளி வைத்துவிடுகிறார்கள். நகத்தால் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே விதையைச் சுற்றி ஈரம் மினுங்கும். முழுவதும் காய்ந்தது நகத்துக்குப் பிளக்காது, கல்லால் தட்டினால் உடையும்.

2024 ஏப்ரல் 2

தனிச்செய்தியில் ஒருவர், போதுமான உப்பு இருந்தால் காயவைக்கவே தேவையில்லை என்று எழுதியிருக்கிறார். அது பாதி சரி.

நுண்ணுயிர்களுக்கு வேண்டியது பொருளில் இருக்கும் மொத்த நீர் அல்ல. அவற்றின் கைக்கு எட்டுகிற நீர். தூய நீருக்கு 1 என்று வைத்து, இந்த எட்டும் நீரை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். பெரும்பாலான பாக்டீரியாவுக்கு 0.90க்கு மேல் வேண்டும். பூசணங்களில் பெரும்பாலானவை 0.70க்குக் கீழே வளர்வதில்லை. 0.60க்குக் கீழே எதுவும் வளர்வதில்லை. இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் இந்த எண் 0.75 ஆகும். அதாவது நிறைய உப்பு பெரும்பாலான பாக்டீரியாவை நிறுத்தும். உப்புக்குப் பழகிய சில பூசணங்களை, எவ்வளவு கூட்டினாலும், அதனால் நிறுத்த இயலாது. மிச்சத்தைக் காயவைப்பதால்தான் சாதிக்க முடியும், அல்லது புளிப்பால்.

உப்பு நார்த்தங்காயைப் பாருங்கள். காயைத் துண்டாக்காமல் ஒரே சுருளாக வெட்டி, விரிகிற ஒவ்வொரு மடிப்பிலும் கல் உப்பை அடைத்து, ஜாடியில் வைத்துத் தினமும் குலுக்கிவிட்டு, தோல் நிறம் மாறி மெத்தென்று ஆன பிறகு வெயிலில் வைக்கிறோம். உப்பு, பழத்தின் புளிப்பு, பிறகு வெயில் என்று மூன்று காவல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதால்தான் அது ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்றைக் குறைக்கிறவர்கள் மற்ற இரண்டையும் கூட்ட வேண்டும்.

இதோடு தொடர்புள்ள ஓர் எச்சரிக்கை. பச்சைப் பூண்டையோ துளசி, கற்பூரவள்ளி போன்ற பச்சை இலைகளையோ எண்ணெயில் மூழ்கடித்து அறை வெப்பத்தில் வைக்கும் வழக்கம் காணொளிகளைப் பார்த்துப் பரவி வருகிறது. எண்ணெய் காற்றை மறைக்கிறது, உள்ளே ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு வேண்டியது சரியாக இதுதான். அது நாற்றத்தாலோ நிறத்தாலோ தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. நம் எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்களில் புளிப்பு இருப்பதால் (புளிப்பின் அளவான பிஎச் 4.6க்குக் கீழே இருப்பதால்) அந்த ஆபத்து எழுவதில்லை. இலையை நன்றாகக் காயவைத்துப் பிறகு எண்ணெயில் போடுங்கள், அல்லது குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளிலேயே தீர்த்துவிடுங்கள்.

2024 ஏப்ரல் 7

முதல் குறிப்பில் வெயிலைப் பற்றிச் சொன்னவை காய்க்கு மட்டுமே. கீரைக்கும் மணமுள்ள இலைகளுக்கும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். முருங்கைக்கீரையை நேர் வெயிலில் போட்டுவிட்டுச் சத்துப் பொடி என்று பெயர் வைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வெயில் நேராகப் படும்போது பச்சையம் சிதைகிறது, வைட்டமின் ஏ ஆக மாறவேண்டிய கரோட்டினும் சிதைகிறது. வைட்டமின் சி எப்படிக் காயவைத்தாலும் பெரும்பகுதி போய்விடும். முருங்கைக்கீரையைக் கொத்தாக வெட்டி, அலசி, நீர் வடிந்ததும் காம்போடு நிழலில் மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு வைத்தால், மறுநாள் இலை தானாக உதிரத் தொடங்கும். உதிர்ந்ததை ஒரே அடுக்காகப் பரப்பி, மேலும் காற்றில் விட்டால் பச்சை மாறாமல் காயும். கையில் எடுத்துக் கசக்கினால் தூளாக வேண்டும். மடங்கினால் இன்னும் காயவில்லை. கடலோரத்தில் இலையை முழுவதும் நிழலிலேயே முடிப்பது கடினம். கடைசிக் கட்டத்தில் 40 டிகிரிக்கு மிகாத டிரையரில் ஒரு மணி நேரம் வைப்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். சொல்லப்போனால், டிரையர் வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த மிக நியாயமான காரணம் காய் அல்ல, இலைதான்.

கறிவேப்பிலை காய்ந்தாலும் மணத்தில் ஓரளவு நிற்கிறது; துளசியும் அப்படியே. புதினா நன்றாகவே நிற்கும். கொத்தமல்லித் தழையைக் காயவைக்க நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அதன் மணத்தைத் தரும் பொருள்கள் காற்றோடு போய்விட்டு வைக்கோல்தான் மிஞ்சும். துவையலாக அரைத்து உறையவைப்பது மேல். கற்பூரவள்ளியின் இலை சதைப்பற்று மிக்கது. முழு இலையாகப் போட்டால் காய்வதற்குள் கருத்து அழுகத் தொடங்கிவிடும். மெல்லிய கீற்றுகளாக நறுக்கிக் காயவையுங்கள்.

2024 ஏப்ரல் 8

வேப்பம்பூவைக் கேட்டிருந்தார்கள். இதுதான் பருவம். மரத்தடியில் துணியை விரித்து உதிர்வதைச் சேகரித்து, குப்பையும் எறும்பும் போகச் சுளகில் புடைத்து, நிழலில் காயவைத்தால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும். பூவைக் கழுவாதீர்கள், மகரந்தம் போய்விடும், காயவும் நேரமாகும்.

2024 மே 5

கத்திரி தொடங்கிவிட்டது. மாங்காய் வற்றல் போட இதைவிட நல்ல நேரம் வராது. புளிப்புள்ள முற்றிய காயைக் கொட்டையோடு நீளவாக்கில் பிளந்து, உப்பும் மஞ்சளும் பிசறி ஓர் இரவு வைத்தால் நீர் விட்டிருக்கும். அந்த நீரைக் கொட்டிவிடாமல், சுண்டைக்காய்க்குச் சொன்னபடி தினமும் மாலையில் துண்டுகளை அதிலேயே போட்டு வாருங்கள். புளிப்பு முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது.

டிரையர் வாங்குவதா என்ற கேள்வி மறுபடியும் வந்திருக்கிறது. 500 வாட் உள்ள சிறு டிரையர் பத்து மணி நேரம் முழுவீச்சில் ஓடினால் 5 யூனிட் மின்சாரம் ஆகும். உங்கள் வீட்டு மின்கட்டண அடுக்கில் அதன் விலையைப் போட்டு, கிடைக்கும் 200 கிராம் வற்றலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காய்க்கு அது கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம். ஆனால் முதல் மூன்று நாள் வெயிலில் காய்ந்ததைக் கடைசி இரண்டு மணி நேரம் மட்டும் டிரையரில் வைத்து எடுப்பது கடலோர வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். மழை திடீரென்று வந்தாலும் பாதியில் நிற்கும் வற்றலைக் காப்பாற்ற அது கைகொடுக்கும்.

மரவேலை தெரிந்தவர்கள் ஒரு பெட்டி செய்துகொள்ளலாம். உள்ளே கருப்பு வண்ணம் அடித்து, மேலே சாய்வாகக் கண்ணாடி போட்டு, முன்பக்கம் அடியில் சில துளைகளும் பின்பக்கம் உச்சியில் சில துளைகளும் இட்டு, எல்லாத் துளைகளுக்கும் கொசு வலை அடித்தால் போதும். சூடான காற்று மேலே ஏறிப் பின்வழியாக வெளியேறும்போது புதிய காற்று அடியிலிருந்து வரும். மேல் துளை இல்லாமல் செய்கிறவர்கள் உண்டு. அது உலர்த்தாது, அவித்துவிடும். காகமும் அணிலும் கிட்டே வர முடியாது என்பது கூடுதல் வசதி. எங்கள் மாடி அணில் மாங்காய் வற்றலில் உப்புக் குறைந்த துண்டாகப் பார்த்துப் பொறுக்குகிறது; அதன் நாக்கை நான் மதிக்கிறேன்.

2024 மே 19

பூசணம் பிடித்ததைக் கழுவி வெயிலில் காட்டி, எண்ணெயில் பொரித்துவிட்டால் போதும் என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இதை மறுக்காமல் விட முடியாது.

கொதிக்கும் எண்ணெயில் பூசணம் சாகும். அது உண்டாக்கி வைத்த நஞ்சு சாகாது. ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் பொரிக்கும் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. அது கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று செத்தபோதுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில், பருவம் தவறிய மழையில் நனைந்து சரியாகக் காயாத மக்காச்சோளத்தை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காயாத பொருளைச் சேமித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஜாடியில் ஒரு துண்டில் பூசணம் தெரிந்தால் அந்த ஜாடியையே கொட்டிவிடுங்கள். உழைப்பு வீணாகிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு, ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

மிளகாயில் இந்த ஆபத்து மிகுதி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் போன்ற உருண்டை வகைகளில் காற்று உள்ளே புகாததால், தோல் சுருங்கிய பிறகும் காம்பை ஒட்டி ஈரம் தங்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று கேட்க வேண்டும். கேட்காதவற்றைத் தனியே பிரித்து இன்னும் காயவிடுங்கள்.

மிளகாயைச் சொன்னதும் எங்கள் கரிசல் பக்கத்து வற்றல்கள் நினைவுக்கு வருகின்றன. அதலைக்காய் யாரும் விதைக்காமல் மழைக்குப் பிறகு காட்டில் தானாக முளைக்கும் கொடியில் காய்ப்பது. பறித்த காய் சீக்கிரமே வெடித்துவிடும் என்பதால் அன்றே சமைக்க வேண்டும், அல்லது அன்றே காயவைக்க வேண்டும். மிதுக்கங்காய் சிறு வெள்ளரி வகை. இரண்டாகக் கீறி மோரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பொரித்தால் கசப்பும் உப்பும் புளிப்பும் சேர்ந்து, கம்பங்கூழுக்கு வேறெதுவும் தேவைப்படாது. இவற்றின் விதையைத் தொட்டியில் போட்டு வளர்க்க முடியுமா என்று மாடித் தோட்டக்காரர்கள் முயல வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். சந்தையில் வற்றலாகக் கிடைப்பதே ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.

2024 ஜூன் 23

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் இனி வற்றல் போட முடியாது என்று எழுதுகிறீர்கள். கேரளத்துக்கு அது சரி. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே தென்மேற்குக் காற்று மழையை மலையிலேயே கொட்டிவிட்டு, ஈரம் குறைந்துதான் இறங்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடம், உடுமலைப் பக்கமும், செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தெற்கேயும் வீசும் காற்றில், மலையடிவாரத்துச் சாரலைத் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டால், மேகமூட்டமான பகலில்கூடக் கொத்தவரங்காய் காய்ந்துவிடும். சூடு இரண்டாவதுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஆடிக் காற்றே சாட்சி. அம்மி பறக்கும் காற்றில் வற்றல் நிற்குமா என்று கேட்பீர்கள். மேலே ஒரு வலையை இழுத்துக் கட்டுங்கள், புழுதியும் குறையும்.

2024 ஆகஸ்ட் 11

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அன்பர் ஒடியலைப் பற்றி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். முன்னது இடித்து மாவாகிக் கூழுக்கும் பிட்டுக்கும் போகிறது, பின்னது அப்படியே கடித்துத் தின்ன ஆகிறது. அவித்துக் காயவைக்கும்போது காயிலுள்ள நொதிகள் செயலிழந்துவிடுவதால் நிறமும் சுவையும் மாறாமல் நிற்கின்றன. கொத்தவரங்காயை உப்புநீரில் அரைவேக்காடாக வேகவைப்பதற்கும் இதுவே காரணம். வேகவைக்காமல் காயவைத்த கொத்தவரங்காய் சில மாதத்தில் வைக்கோல் வாடை அடிக்கும்.

பழத்தைக் காயவைக்க விரும்புகிறவர்கள் அவர் சொல்லும் பனாட்டைக் கவனியுங்கள். பனம்பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் மெல்லியதாகப் பூசி, அது காய்ந்த பிறகே அடுத்த பூச்சைப் பூசுகிறார்கள். தடிப்பாக ஒரே முறையில் ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே புளித்துவிடும். மாம்பழக் கூழையும் இதே முறையில் செய்யலாம். பழத்தில் சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது காயைப் போல ஒடியும் வரை காய வேண்டியதில்லை. வளைத்தால் வளைய வேண்டும், கிழித்த இடத்தில் ஈரம் கசியக் கூடாது.

2024 அக்டோபர் 6

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எல்லா ஜாடிகளையும் திறந்து பாருங்கள். மூடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. நல்ல வெயில் கிடைக்கிற ஒரு பகலில் மொத்தத்தையும் ஒரு முறை வெயில் காட்டி, ஆறவைத்து, பெரிய ஜாடியில் இருப்பதைச் சிறு பாட்டில்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் ஒரு ஜாடியை ஐம்பது முறை திறப்பதைவிட, சிறு பாட்டில் ஒன்றைத் திறந்து தீர்ப்பது பாதுகாப்பானது. உப்பில்லாத வற்றலிலும் கீரைப் பொடியிலும் வண்டும் அந்தும் வரும். அவற்றைக் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்பெட்டியின் உறைய வைக்கும் அறையில் -18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் ஆவலில் திறந்துவிடாதீர்கள். பாட்டில் அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்தால், ஈரக் காற்று குளிர்ந்த வற்றலின்மேல் பட்டு நீராகப் படியும். எடுத்த அன்று மூடியபடியே வைத்து, மறுநாள் காலையில் திறந்துகொள்ளுங்கள்.